மேகசினைக் கழற்றிய பிறகும் துப்பாக்கி வெடித்தது ஏன்? ஒரு தந்தையின் கடிதத்துக்கு மருத்துவரின் பதில்

பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்ற வேண்டுகோளுடன் ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். நாற்பது வயதைக் கடந்தவர். முறையான உரிமத்துடன் ஒரு பிஸ்டல் வைத்திருக்கிறார். வீட்டில் அவருடன் மனைவியும், ஒன்பது வயது மகளும், வேலையை இழந்து சில மாதங்களாக உடன் தங்கியிருக்கும் தம்பியும் இருக்கிறார்கள். பாதுகாப்புக்காக வாங்கிய அந்தப் பிஸ்டலைத் தோட்டா நிரப்பிய நிலையிலேயே பீரோவின் மேல்தட்டில், துணிகளுக்கு அடியில் வைப்பது அவரது வழக்கம்.

“சென்ற மாதம் ஒரு மாலையில் துடைத்து எண்ணெயிடுவதற்காக அதை எடுத்தேன். ஸ்லைடை (குழலின் மேல் முன்னும் பின்னும் நகரும் பாகத்தை) ஒருமுறை இழுத்தேன். உள்ளே இருந்த தோட்டா வெளியே வந்து விழுந்தது. பிறகு மேகசினைக் (தோட்டாக்கள் அடுக்கிய பெட்டியைக்) கழற்றி மேசைமேல் வைத்தேன். பாகங்களைப் பிரிப்பதற்கு டிரிகரை (விசையை) ஒருமுறை அழுத்த வேண்டும். அழுத்தினேன், துப்பாக்கி தானாக வெடித்துவிட்டது” என்று எழுதுகிறார். குண்டு மரக்கதவைத் துளைத்துக்கொண்டு அடுத்த அறைக்குச் சென்று, மகள் உட்கார்ந்து படிக்கும் நாற்காலியின் முதுகுப்பலகையில் பாய்ந்திருக்கிறது. மகள் அந்நேரம் தாயுடன் சமையலறையில் இருந்ததால் யாருக்கும் காயமில்லை.

அவர் கேட்பவை இவை: துப்பாக்கியில் கோளாறா? தொடக்கூடாது என்று மகளுக்குச் சிறு வயதிலிருந்தே சொல்லி வளர்த்திருப்பது போதாதா? பூட்டி வைத்தால் ஆபத்து நேரத்தில் அது எப்படி உதவும்? இனி அந்தப் பொருள் வீட்டில் இருக்கவே கூடாது என்று மனைவி சொல்வது மிகையான பயமா? அன்று முதல் வலது காதில் இரைச்சல் இருக்கிறது, அதற்கு என்ன செய்வது? இவற்றுக்கு நடுவே தம்பியைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறார்: “அவன் சில வாரங்களாக யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை, இரவில் தூங்குவதும் இல்லை, ஆனால் துப்பாக்கி இருக்கும் இடம் அவனுக்குத் தெரியாது.”

அன்புள்ள வாசகரே,

நடந்ததை மறைக்காமல், நீங்கள் செய்ததைச் செய்த வரிசையிலேயே எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் என்னால் பயனுள்ள பதில் ஒன்றைத் தர முடிகிறது. நான் அவசர சிகிச்சைப் பிரிவில் அறுவை மருத்துவராக இருப்பவன். குண்டடிபட்டவர்களுக்குச் சிகிச்சை அளிப்பதும், அவர்களை அழைத்து வந்த உறவினர்களிடம் பேசுவதும் என் பணியின் ஒரு பகுதி. “காலியாக இருக்கிறது என்றுதான் நினைத்தேன்” என்ற சொற்களை அவர்களில் பலர் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். உங்கள் கேள்விகளுக்கு நீங்கள் கேட்ட வரிசையில் பதில் சொல்லப் போவதில்லை. கடிதத்தில் நீங்கள் கேள்வியாகவே எழுதாத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

முதலில் உங்கள் தம்பி

வேலை போயிருக்கிறது, பேச்சு குறைந்திருக்கிறது, தூக்கம் போயிருக்கிறது. இந்த மூன்றும் ஒருவரிடம் சேர்ந்து தெரியும்போது மருத்துவர்களாகிய நாங்கள் மனச்சோர்வு நோயை நினைக்காமல் இருக்க மாட்டோம். அவருக்கு அந்த நோய் இருக்கிறது என்று கடிதத்தை மட்டும் படித்துவிட்டு நான் சொல்லவில்லை. ஆனால் இருக்கக்கூடும் என்ற நிலையிலேயே, தோட்டா நிரப்பிய துப்பாக்கி ஒன்று பூட்டில்லாமல் அதே வீட்டில் இருப்பதை என்னால் ஏற்க முடியாது.

துப்பாக்கி கைக்கு எட்டும் வீடுகளையும் எட்டாத வீடுகளையும் ஒப்பிட்ட பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2014-ல் வெளியான மதிப்பீடு ஒன்று, எட்டும் இடத்தில் தற்கொலை அபாயம் ஏறத்தாழ மூன்று மடங்கு என்று கண்டது. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் பலரிடமும் அலையாக எழுந்து தணிகிறது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், முயன்று உயிர் பிழைத்த இளவயதினரிடம் நடத்தி 2001-ல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய கால்வாசிப் பேர் முடிவெடுத்ததற்கும் செயலுக்கும் இடையே ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை என்றார்கள். அந்தச் சில நிமிடங்களில் கைக்கு எது எட்டுகிறது என்பதைப் பொறுத்தே உயிர் நிற்கிறது. துப்பாக்கியைக் கையில் எடுத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு இறந்துபோகிறார்கள். மற்ற பெரும்பாலான வழிகளில் முயன்றவர்கள் பிழைக்கிறார்கள். பிழைத்தவர்களில் மிகப் பெரும்பான்மையோர் பின்னாளில் தற்கொலையால் இறப்பதில்லை. இஸ்ரேல் ராணுவம் 2006-ல் வார இறுதி விடுப்பில் செல்லும் வீரர்கள் ஆயுதத்தை முகாமிலேயே விட்டுச் செல்ல வேண்டும் என்று விதித்தபோது, அவர்களிடையே தற்கொலை விகிதம் ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது. வீரர்களின் மனநிலையை அந்த விதி மாற்றவில்லை. ஆயுதத்தை எட்டாத தூரத்தில் வைத்தது, அவ்வளவுதான்.

“இடம் அவனுக்குத் தெரியாது” என்று எழுதியிருக்கிறீர்கள். வெடித்த அன்று அவர் வீட்டில் இருந்தாரா என்று நீங்கள் சொல்லவில்லை. இருந்தாலும் இல்லாவிட்டாலும், துளை விழுந்த கதவு இருக்கும் வீட்டில் துப்பாக்கி இருப்பது இப்போது அவருக்குத் தெரியும். இடத்தைக் கண்டுபிடிப்பதற்கு ஒரு பகல் போதும்.

எனவே, கோளாறு, பூட்டு, பயிற்சி எல்லாவற்றுக்கும் முன்பாக, அந்தப் பிஸ்டலும் தோட்டாக்களும் இன்றே வீட்டை விட்டு வெளியேற வேண்டும். உரிமம் வழங்கிய அலுவலகத்தையோ காவல் நிலையத்தையோ தொலைபேசியில் அழைத்து, தற்காலிகமாக ஒப்படைக்கும் முறையைக் கேளுங்கள். உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளர்களிடம் பாதுகாப்புக்காக வைக்கும் வசதியும் பல நாடுகளில் உண்டு. நம்பிக்கையான நண்பர் என்பதற்காக ஒருவரிடம் கொடுத்து வைக்காதீர்கள். உரிமம் இல்லாதவர் கையில் ஆயுதத்தைக் கொடுப்பதே பெரும்பாலான நாடுகளின் சட்டப்படி குற்றம், உங்களோடு அவரும் சிக்கிக்கொள்வார். ஒப்படைக்கும் வரையிலான சில மணி நேரத்துக்கு, தோட்டாக்களை முழுவதுமாக எடுத்துவிட்டு, துப்பாக்கியை ஒரு பூட்டுக்குள்ளும் தோட்டாக்களை வேறொரு பூட்டுக்குள்ளும் வையுங்கள். இரண்டு சாவியும் உங்கள் உடலை விட்டுப் பிரியக் கூடாது. தோட்டாவை எடுக்கும் சரியான முறையைக் கீழே சொல்கிறேன். அதைப் படிக்காமல் தொட வேண்டாம். ஒப்படைக்கச் செல்லும்போது எடுத்துச் செல்லும் விதத்தையும் அவர்களிடமே முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். சொல்லாமல் கொள்ளாமல் ஆயுதத்துடன் ஓர் அலுவலகத்துக்குள் நுழைவது யாருக்கும் நல்லதல்ல.

தம்பியிடம் தனிமையில், நேராகக் கேளுங்கள்: “வாழ்வதில் அர்த்தமில்லை என்று தோன்றுகிறதா? உயிரை விட்டுவிடலாம் என்று நினைத்தது உண்டா?” இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே மூட்டிவிடுவோம் என்று பலர் அஞ்சுகிறார்கள். அப்படி ஆவதில்லை, ஒருவர் கேட்டுவிட்டார் என்பதே சுமையைக் குறைப்பதைத்தான் ஆய்வுகளிலும் பார்க்கிறோம், மருத்துவமனையிலும் பார்க்கிறோம். உண்டு என்று அவர் சொன்னால் அறிவுரை கூறாதீர்கள், குடும்ப மானத்தைப் பற்றிப் பேசாதீர்கள். தனியே விடாமல் அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்கோ மனநல மருத்துவரிடமோ அழைத்துச் செல்லுங்கள். இல்லை என்றாலும் தூக்கமின்மையைச் சொல்லி இந்த வாரமே மருத்துவரைப் பார்க்க வையுங்கள். தூக்கத்துக்காக என்றால் வர மறுப்பவர்கள் குறைவு.

துப்பாக்கி தானாக வெடிக்கவில்லை

விடை நீங்கள் எழுதிய வரிசையிலேயே இருக்கிறது. முதலில் ஸ்லைடை இழுத்தீர்கள், பிறகு மேகசினைக் கழற்றினீர்கள். உங்களுடையதைப் போன்ற பிஸ்டலில் ஸ்லைடு பின்னால் செல்லும்போது சேம்பரில், அதாவது சுடத் தயாரான தோட்டா உட்காரும் அறையில், இருக்கும் தோட்டாவை வெளியே எறிகிறது; முன்னால் திரும்பும்போது மேகசினின் உச்சியில் இருக்கும் அடுத்த தோட்டாவைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேம்பருக்குள் வைக்கிறது. அந்த வேலைக்காகவே அது வடிவமைக்கப்பட்டிருக்கிறது. வெளியே விழுந்த ஒரு தோட்டாவைப் பார்த்துக் காலியாகிவிட்டது என்று நீங்கள் முடிவு செய்த அதே நொடியில் இன்னொன்று உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. பின்னர் மேகசினைக் கழற்றியதால் சேம்பரில் இருந்த தோட்டாவுக்கு எதுவும் ஆகவில்லை. மேகசின் இல்லாவிட்டால் சுட முடியாதபடி தடுக்கும் அமைப்பு சில பிஸ்டல்களில் உண்டு, பலவற்றில் இல்லை. பாகங்களைப் பிரிக்க டிரிகரை அழுத்தியே ஆக வேண்டிய வகை உங்களுடையது. அழுத்தினீர்கள், துப்பாக்கி தன் வேலையைச் செய்தது.

இதை உங்களைக் குற்றம்சாட்டுவதற்காகச் சொல்லவில்லை. “தானாக வெடித்தது” என்று நீங்கள் நம்பிக்கொண்டிருக்கும் வரை, அடுத்த முறையும் இதே வரிசையில்தான் கை போகும். அதைத்தான் நான் அஞ்சுகிறேன்.

இயந்திரக் கோளாறு என்பதே கிடையாது என்றும் நான் சொல்லமாட்டேன். தோட்டாவைத் தட்டி வெடிக்கச் செய்யும் சுத்தியலின் நுனி நேராகத் தோட்டாவின் மேல் படிந்து நிற்கும்படி செய்யப்பட்ட பழைய ரிவால்வர்கள் கீழே விழுந்தால் வெடிக்கும். அதனாலேயே அவற்றை வைத்திருந்தவர்கள் சுத்தியலுக்கு நேரான அறையைக் காலியாக விடுவார்கள். தேய்ந்துபோன உட்பாகங்கள், தோட்டாவின் அடியைக் குத்தி வெடிக்கச் செய்யும் ஊசி அழுக்கு சேர்ந்து நகராமல் நிற்பது, அனுபவமில்லாதவர் டிரிகரை இலகுவாக்க முயன்று செய்த மாற்றம் ஆகியவையும் ஆபத்தானவை. தற்கால வடிவமைப்புகளில் ஊசியைத் தடுத்து நிறுத்தும் பாகங்கள் இருப்பதால் விழுந்து வெடிப்பது அரிது என்றாலும், விழும் துப்பாக்கியைக் கைநீட்டிப் பிடிக்கப் பாய்வது மட்டும் எந்தக் காலத்திலும் கூடாது. பிடிக்கும் விரல்கள் டிரிகருக்குள்தான் போய் விழும். உங்கள் துப்பாக்கியையும், ஒப்படைத்த இடத்தின் அனுமதியோடு, தகுதியுள்ள பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள். கோளாறு இல்லை என்று அவர் சொன்னால் ஏமாற்றமடையாதீர்கள்.

சேஃப்டியைப் போட்டிருந்தால் இது நடந்திருக்காதே என்றும் ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். சுட முடியாதபடி தடுக்கும் சேஃப்டி என்பதும் ஓர் இயந்திரப் பாகம். அது தேயும், பாதியில் நிற்கும், போட்டதாக நினைத்துப் போடாமலும் விடுவோம். எல்லாம் சரியாக இருந்தபின் கூடுதலாக ஒரு காவல் என்ற அளவில் மட்டும் அதை நம்பலாம்.

குழல் நோக்கிய திசை

அமெரிக்க மரீன் படையில் அதிகாரியாக இருந்து பின்னர் பயிற்சியாளரான ஜெஃப் கூப்பர் என்பவர் வகுத்துத் தந்த நான்கு விதிகளை இன்று உலகெங்கும் பயிற்சிக் களங்களில் கற்பிக்கிறார்கள். எந்தத் துப்பாக்கியையும் தோட்டா நிரம்பியதாகவே நினை; அழிக்க விரும்பாத எதன்மீதும் குழல் படரவிடாதே; குறி கண்ணில் நிலைக்கும் வரை விரல் டிரிகரில் போகக் கூடாது; குறியையும் அதற்குப் பின்னால் இருப்பதையும் அறிந்துகொள். இவற்றில் முதலாவதை நீங்கள் மீறினீர்கள், மூன்றாவதையும் மீறினீர்கள். இரண்டாவதை மட்டும் கடைப்பிடித்திருந்தால்கூடக் குண்டு மகளின் நாற்காலிக்குப் போயிருக்காது. இந்த விதிகளின் அருமை அதில்தான் இருக்கிறது: ஒன்று தவறினாலும் மற்றொன்று தாங்கும், ஆள் சாக வேண்டுமானால் பலவும் ஒரே நேரத்தில் தவற வேண்டும். மனிதன் தவறவே மாட்டான் என்று அவை எதிர்பார்க்கவில்லை.

வீட்டுக்குள் பாதுகாப்பான திசை எது என்பது எளிதான கேள்வி அல்ல. மரக்கதவும் மெல்லிய தடுப்புச் சுவரும் கைத்துப்பாக்கியின் குண்டை நிறுத்தாது. கெட்டியான கல்லில் பட்டால் தெறித்துத் திரும்பக் கூடும். மாடி வீடானால் தரைக்குக் கீழேயும் ஆள் இருப்பார்கள். படைமுகாம்களில் இதற்காகவே மணல் நிரப்பிய பீப்பாய் ஒன்றைச் சாய்த்து வைத்து, குழலை அதற்குள் நீட்டிக்கொண்டே தோட்டாவை நீக்கச் செய்கிறார்கள். வெடித்தாலும் மணலோடு போய்விடும்.

விரலைப் பற்றியும் மருத்துவனாக ஒன்றைச் சேர்க்கிறேன். ரோஜர் எனோகா என்ற உடலியங்கியல் அறிஞர், மனம் எண்ணாமலே விரல் இறுகும் மூன்று சூழல்களை 2003-ல் விளக்கி எழுதினார்: திடீர் ஓசையால் திடுக்கிடுவது, கால் இடறித் தடுமாறுவது, மற்றக் கை எதையாவது பலமாகப் பற்றுவது. ஒரு கை இறுகினால் மறு கையும் தன்னையறியாமல் சற்று இறுகுகிறது. விரல் டிரிகரின்மேல் இருந்தால் அந்தச் சிறு இறுக்கமே போதும். கவனமாக இருப்பேன் என்று மனத்துக்கு உத்தரவிடலாம். தசையின் இந்த இயல்புக்கு உத்தரவிட முடியாது. விரலை டிரிகர் வளையத்துக்கு வெளியே, துப்பாக்கியின் உடற்பகுதிக்குப் பக்கவாட்டில் நேராக நீட்டி வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

தோட்டாவை நீக்கும் வரிசை

ஒப்படைப்பதற்கு முன் ஒருமுறையாவது இதைச் செய்தாக வேண்டியிருக்கும் என்பதால் எழுதுகிறேன். உறுதியாகத் தெரியவில்லை என்றால் தொடாமல், தெரிந்த ஒருவரை அல்லது காவல் துறையினரை அழைப்பதில் எந்த வெட்கமும் இல்லை.

வீட்டில் இருப்பவர்களை வெளியே அனுப்பிவிட்டுத் தொடங்குங்கள். குழல் பாதுகாப்பான திசையில், விரல் வளையத்துக்கு வெளியே. முதலில் மேகசின் வெளியே வர வேண்டும். அதன் பிறகே ஸ்லைடை முழுவதுமாகப் பின்னுக்கு இழுக்க வேண்டும். சேம்பரில் இருந்த தோட்டா வெளியே விழும். விழாவிட்டாலும் காலி என்று முடிவு செய்யாதீர்கள். தோட்டாவைப் பற்றி இழுக்கும் கொக்கி உடைந்திருந்தால் அது உள்ளேயே தங்கிவிடும். இரண்டு மூன்று முறை இழுத்த பின், ஸ்லைடைத் திறந்த நிலையில் நிறுத்தி, வெளிச்சத்தில் சேம்பருக்குள் பாருங்கள். சிறுவிரலை நுழைத்துத் தடவிப் பாருங்கள். மேகசின் இருந்த குழியையும் பாருங்கள். பார்வையை ஒருமுறை வேறெங்காவது திருப்பிவிட்டு மறுபடியும் பாருங்கள். பார்க்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதையே கண் பார்த்துவிடும் என்பதால்தான் இந்த இரண்டாம் பார்வை. விழுந்த தோட்டா, மேகசின் எல்லாவற்றையும் வேறோர் அறையில் வைத்துப் பூட்டிய பிறகே துடைக்கும் துணி கைக்கு வர வேண்டும். துடைக்கும் மேசையில் ஒரு தோட்டாகூட இருக்கலாகாது. வேலை முடிந்ததும் கைகளைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். துப்பாக்கியில் படிந்திருக்கும் கரியில் ஈயம் இருக்கிறது.

மது அருந்திய நாளிலும், தூக்க மாத்திரை போன்றவற்றை எடுத்த நாளிலும், கோபத்தில் இருக்கும்போதும், பேசிக்கொண்டோ தொலைக்காட்சி பார்த்துக்கொண்டோ இதைச் செய்யக் கூடாது என்பது சொல்லாமலே விளங்கும்.

மகளுக்குச் சொல்லி வளர்த்தது போதுமா?

போதாது. குழந்தையிடம் சொல்வது தேவைதான். ஆனால் பாதுகாப்பின் பொறுப்பைக் குழந்தையின் தலையில் வைக்க முடியாது. அமெரிக்காவில் 8 முதல் 12 வயது வரையிலான சிறுவர்களைச் சிறு குழுக்களாக ஓர் அறையில் விட்டு, இழுப்பறையில் செயலிழக்கச் செய்த உண்மையான கைத்துப்பாக்கி ஒன்றை வைத்துக் கண்காணித்தார்கள். முடிவுகள் 2001-ல் வெளியாயின. அதைக் கண்டெடுத்த குழுக்களில் நான்கில் மூன்று பங்கு கையில் எடுத்துப் பார்த்தன. ஏறக்குறைய பாதிக் குழுக்களில் யாரோ ஒருவன் டிரிகரை அழுத்தினான். கையில் எடுத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் துப்பாக்கிப் பாதுகாப்பு பற்றி முன்பே அறிவுரை கேட்டவர்கள். உங்கள் மகள் சொன்னபடி கேட்கும் பிள்ளையாகவே இருக்கலாம். அவளைத் தேடி வரும் தோழியும் அப்படியே இருப்பாள் என்று யார் உறுதி தருவது?

அழுத்தும் பலம் இருக்காது என்ற எண்ணமும் சரியல்ல. 1995-ல் வெளியான ஓர் ஆய்வின்படி ஏழு, எட்டு வயதுக் குழந்தைகளில் 90 சதவீதம் பேருக்குப் பெரும்பாலான கைத்துப்பாக்கிகளின் டிரிகரை இழுக்கும் வலு இருக்கிறது. மூன்று, நான்கு வயதிலேயே கால்வாசிக் குழந்தைகளுக்கு அது வந்துவிடுகிறது. மேல்தட்டில் துணிக்கு அடியில் வைப்பதைப் பாதுகாப்பு என்றும் நினைக்காதீர்கள். துப்பாக்கி இருக்கும் இடம் என் பிள்ளைக்குத் தெரியாது என்று சொன்ன பெற்றோரையும் அவர்களுடைய பிள்ளைகளையும் தனித்தனியே விசாரித்தபோது, அந்தப் பெற்றோரில் 39 சதவீதம் பேரின் கூற்றைப் பிள்ளைகளே மறுத்தார்கள்.

இன்னொன்றையும் நீங்கள் செய்திருக்கிறீர்கள். வெடித்ததை யாரிடமும் சொல்லாதே என்று மகளிடம் கூறியிருப்பதாகக் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அந்தக் கட்டளையை இன்றே திரும்பப் பெறுங்கள். தன் நாற்காலியில் குண்டு பாய்ந்ததைப் பார்த்த குழந்தை, அந்த அச்சத்தோடு ஒரு ரகசியத்தையும் சுமக்க வேண்டியதில்லை. அவளை உட்கார வைத்து, “அப்பா தவறு செய்துவிட்டேன், அது உன் தவறு அல்ல, அந்தத் துப்பாக்கி இப்போது வீட்டில் இல்லை, நீ யாரிடம் வேண்டுமானாலும் பேசலாம்” என்று சொல்லுங்கள். அந்த நாற்காலியை மாற்றிவிடுங்கள். இரவில் திடுக்கிட்டு எழுவது, தனியே இருக்கப் பயப்படுவது, சத்தம் கேட்டால் நடுங்குவது போன்றவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் குழந்தைகள் மனநல ஆலோசகரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

பூட்டினால் உதவுமா என்ற கேள்வி

உங்கள் அச்சம் எனக்குப் புரிகிறது. நள்ளிரவில் யாராவது கதவை உடைத்தால் சாவியைத் தேடிக்கொண்டிருக்க முடியுமா என்கிறீர்கள். எண்களை அழுத்தினால் சில நொடிகளில் திறக்கும், தரையோடு பொருத்தக்கூடிய சிறு இரும்புப் பெட்டிகள் இருக்கின்றன. ஆனால் இரண்டு பக்கத்தையும் எடைபோட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் இதுவரை வராத ஒரு திருடன். மறுபக்கம் அந்த வீட்டில் தினமும் வாழும் ஒரு குழந்தை, தூக்கமிழந்த ஒரு தம்பி, வரிசை மாறிப்போன உங்கள் கை. தோட்டா நீக்கி வைத்தல், துப்பாக்கியைப் பூட்டி வைத்தல், தோட்டாவைத் தனி இடத்தில் வைத்தல், அதையும் பூட்டுதல் ஆகிய நான்கு பழக்கங்களில் ஒவ்வொன்றுமே சிறுவர்களுக்குக் காயமும் தற்கொலையும் நேரும் அபாயம் குறைவதோடு தொடர்புடையது என்று 2005-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. நான்கையும் சேர்த்துக் கடைப்பிடிக்கவே நான் சொல்வேன். டிரிகரில் மாட்டும் பூட்டை, தோட்டா நிரப்பிய துப்பாக்கியில் ஒருபோதும் மாட்டாதீர்கள். மாட்டும்போதே டிரிகர் அழுந்தக் கூடும். பூட்டின் எண் மகளின் பிறந்தநாளாக இருக்க வேண்டாம்.

உங்கள் மனைவியின் பயம் மிகையானதல்ல. அவர் பார்த்தது கற்பனையை அல்ல, நாற்காலியில் இருந்த துளையை. உரிமம் உங்கள் பெயரில் இருந்தாலும் அதன் விளைவைச் சுமப்பவர்களில் அவரும் ஒருவர் என்பதால், இந்த முடிவில் அவருக்குச் சமமான குரல் உண்டு.

காதும் சட்டமும்

மூடிய அறையில் கைத்துப்பாக்கி வெடிக்கும் ஓசை 150 டெசிபலைத் தாண்டும். 140-ஐத் தாண்டிய ஒரே ஓசை, செவியின் உள்ளே இருக்கும் நுண்ணிய உணர்செல்களை நிரந்தரமாகச் சேதப்படுத்தக் கூடியது. ஒரு மாதமாகியும் இரைச்சல் நிற்கவில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கேட்புத்திறன் சோதனை செய்துகொள்ளுங்கள். இத்தகைய சேதத்துக்கு முதல் சில நாட்களில் வந்தால் சிகிச்சை பலன் தர வாய்ப்பு அதிகம். தாமதமாகிவிட்டாலும் சோதனையைத் தவிர்க்க வேண்டாம். அன்று வீட்டில் இருந்த மனைவிக்கும் மகளுக்கும் சேர்த்தே செய்யுங்கள்.

நடந்ததை உரிமம் வழங்கிய அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டுமா என்பது உங்கள் நாட்டின் சட்டத்தையும் உரிம நிபந்தனைகளையும் பொறுத்தது. நான் வழக்கறிஞன் அல்ல. ஒரு வழக்கறிஞரை ஒருமுறை சந்தித்து, உரிமத்தின் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கும் நிபந்தனைகளையும் காட்டிக் கேளுங்கள். பொதுவாக, தானே முன்வந்து சொன்னவரை அதிகாரிகள் நடத்தும் விதம் வேறு. மறைத்து, பின்னர் பிடிபட்டவரை நடத்தும் விதம் வேறு. ஒப்படைக்கப் போகும்போது காரணத்தைக் கேட்பார்கள். வழக்கறிஞரிடம் பேசிவிட்டுப் போவது அதற்கும் உதவும்.

திரும்பக் கொண்டுவருவதா?

அதை இப்போது முடிவு செய்யாதீர்கள். தம்பி தேறிவிட்டார் என்று அவருக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவர் சொன்ன பிறகு, அல்லது அவர் வேறு வீட்டில் நிலையாகக் குடியேறிய பிறகு, மனைவியோடு உட்கார்ந்து பேசுங்கள். நிரந்தரமாகத் திருப்பிக் கொடுத்துவிடுவதும் ஒரு நல்ல முடிவுதான். உங்கள் வீட்டில் அதுவே சரி என்பது என் கருத்து. வைத்துக்கொள்வது என்றே முடிவானால், பழுதுபார்ப்பவரின் ஆய்வுச் சீட்டு, சுவரிலோ தரையிலோ பொருத்திய பூட்டுப் பெட்டி, தோட்டாவுக்குத் தனிப் பெட்டி, தகுதியுள்ள பயிற்சியாளர் ஒருவரிடம் முதலிலிருந்து நீங்கள் முடித்த பயிற்சி ஆகியவை கையில் இருந்தாக வேண்டும். அந்தப் பயிற்சிக்கு உங்கள் மனைவியும் உடன் வரட்டும்; எப்படி நீக்குவது, எப்படிப் பார்ப்பது என்பதை அவரும் அறிந்திருந்தால், நீங்கள் வரிசை மாறும் நாளில் நிறுத்தச் சொல்ல வீட்டில் ஒருவர் இருப்பார். இவற்றில் ஒன்று குறைந்தாலும் அது ஒப்படைத்த இடத்திலேயே இருக்கட்டும்.